மேட்டூரின் பழைய யூனிட்டுகளை மூடினால் ராத்திரி தறி எதில் ஓடும்?

பல்லடம்_காத்தாடி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய நான்கு யூனிட்டுகளும் 1987க்கும் 1990க்கும் இடையில் ஓடத் தொடங்கியவை. தலா 210 மெகாவாட், மொத்தம் 840. இவற்றை இனி மூடிவிடலாம் என்பது என் கட்சி. பக்கத்தில் இருக்கும் 600 மெகாவாட் புது யூனிட்டைப் பற்றி இங்கே பேசவில்லை.

நிலக்கரியை ஒடிசாவில் தோண்டி, ரயிலில் ஏற்றி, கப்பலுக்கு மாற்றி, மறுபடி ரயிலில் ஏற்றி மேட்டூருக்குக் கொண்டுவருகிறோம். நமக்கோ வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சும்மா வருகிறது. மேற்கு மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து, வேகம் கூடி, உடுமலை, பல்லடம், பொங்கலூர், தாராபுரம் பக்கம் வந்து இறங்குகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பங்குனியில் மூலனூர்ப் பக்கம் போய் நின்று பாருங்கள். இதில் ஒரு 840 போனால் என்ன குடிமுழுகிவிடும்?

சோமனூர்_தறி:
தம்பிக்கு 2012 ஞாபகம் இருக்காது போல. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லை. தறி ஓடாமல் எத்தனை பேர் கட்டிய தறியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்போதும் இந்தக் காற்றாலைகள் இதே காட்டில் நின்றுகொண்டுதான் இருந்தன. காற்று இருந்தபோது சுற்றின, இல்லாதபோது நின்றன. ஐப்பசி கார்த்திகையில் வந்து எண்ணிப் பாருங்கள், பத்தில் எத்தனை சுற்றுகிறது என்று.

நாங்கள் கூலிக்கு ஓட்டுகிறவர்கள். மீட்டருக்கு இத்தனை பைசா என்று கூலி. நடுவில் கரண்ட் போய் வந்தால் துணியில் கோடு விழும், அதற்குக் கூலியில் பிடிப்பார்கள். நிலக்கரி அழுக்குதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் எரியும்.

பழைய_ஈபி:
மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் மெகாவாட்டையும் யூனிட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள், அதைப் பிரித்துவிட்டுச் சண்டை போடுங்கள். மெகாவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு தர முடியும் என்ற திறன். பில்லில் வரும் யூனிட் என்பது அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று பெருக்கி வரும் மொத்தம்.

அனல், அணு, நீர், காற்று எல்லாமே அடிப்படையில் ஒரே வேலைதான். காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்குள் ஒன்று சுற்ற வேண்டும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது, இன்றுவரை மாறவில்லை. எதை வைத்துச் சுற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். மேட்டூரில் நிலக்கரியை மாவாக அரைத்து, கொதிகலனுக்குள் ஊதி எரித்து, அந்தச் சூட்டில் வரும் நீராவியை டர்பைன் மேல் அடிக்கிறார்கள். டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று. நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் அந்தக் கணக்கு. எரித்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது, மீதி புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போய்விடும். கூடங்குளத்திலும் நீராவிதான், சூடு மட்டும் யுரேனியம் பிளப்பதில் வருகிறது. குந்தாவிலும் பில்லூரிலும் நீராவி வேண்டாம், மலையில் இருந்து விழும் தண்ணீரே சுற்றிவிடும்.

சோலார் மட்டும் தனி ஜாதி. அதில் எதுவுமே சுற்றுவதில்லை. சிலிக்கான் தகட்டில் வெளிச்சம் பட்டால் எலெக்ட்ரான் நகர்ந்து நேர்மின்சாரம் வரும், இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்கி லைனுக்கு அனுப்பும்.

இப்போது காற்றுக்கு வருவோம். காற்றின் வேகம் பாதியானால் கரண்ட் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். வேகத்தின் மும்மடியில் ஏறி இறங்கும் சமாச்சாரம் அது. நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 2 மெகாவாட் தரும் இயந்திரம், 6 மீட்டரில் கால் மெகாவாட் தந்தால் பெரிது. 3 மீட்டருக்குக் கீழே சும்மா நிற்கும். 25ஐத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். ஆகவே 10,000 மெகாவாட் என்பது பெயர்ப்பலகையில் இருக்கும் எண். வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குப் பக்கம்தான் வரும்.

சோமனூர்_தறி:
இதைத்தான் நானும் சொன்னேன். ஐயா படித்த பாஷையில் சொல்லிவிட்டார்.

பல்லடம்_காத்தாடி:
ஐயா, ஐந்தில் ஒன்று என்றாலும் 10,000இல் அது 2,000. மேட்டூர் பழைய யூனிட்டுகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல். யூனிட் கணக்கில் பார்த்தாலும் காற்றுதான் ஜெயிக்கிறது.

பழைய_ஈபி:
வருடக் கணக்கில் ஜெயிக்கும், தம்பி. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக் கணக்கில் ஜெயிக்குமா என்பதுதான் கேள்வி. கரண்டை லைனில் தேக்கி வைக்க முடியாது. எடுக்கிற அளவும் போடுகிற அளவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அந்த 50 சுழற்சி ஆட ஆரம்பிக்கும், ரொம்ப ஆடினால் இருட்டு. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் ஒரு பகுதி வெயில் போன பிறகும் அப்படியே நிற்கிறது, ஏசியும் ஃபேனும் யாரும் அணைப்பதில்லை.

2012 பற்றியும் ஒன்று. அன்றைக்குக் குறை காற்றில் மட்டும் இல்லை. சீசனில் காற்றாலை தந்த கரண்டைக் கொண்டுபோக லைன் போதாமல், காற்று அடிக்கும்போதே பல இயந்திரங்களை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. இதைத் தறிக்கார அண்ணனும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேட்டூர்க்காரி:
எல்லோரும் சாயங்காலம் ஏழு மணியையே பேசுகிறீர்கள். நாங்கள் இருபத்து நாலு மணி நேரமும் இங்கே இருக்கிறோம்.

நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் எரிக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 840 மெகாவாட்டும் ஒரு நாள் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு கோடி யூனிட். 14,000 டன் நிலக்கரி, 4,500 டன்னுக்குக் குறையாத சாம்பல். ஒரே நாளில். சிமென்ட்டுக்கும் சாம்பல்செங்கலுக்கும் எடுக்கிறார்கள், சரி. எடுத்தது போக நிற்பது எங்கே நிற்கிறது? குளிர்விக்க யூனிட்டுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று வைத்தாலும் நாளுக்கு ஆறு கோடி லிட்டர். எல்லாம் காவிரி. காத்தாடிக்கும் தகட்டுக்கும் இந்தக் கணக்கே கிடையாது, தகட்டைக் கழுவும் தண்ணீர் தவிர.

துணியில் விழும் கோட்டுக்குக் கூலியில் பிடிக்கிறார்கள் என்று அண்ணன் வருத்தப்பட்டார். துவைத்துக் காயப்போட்ட துணியில் விழும் சாம்பலுக்கு யாரிடம் பிடிப்பது?

சோமனூர்_தறி:
அம்மணி, உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. மூடிவிட்டு என்ன வைப்பீர்கள் என்று யாரும் சொல்லாமல் இருப்பதுதான் என் கேள்வி.

குடிமங்கலம்_காடு:
நான் சொல்வதற்குள் நீங்கள் எல்லாம் ஊரைக் கூட்டிவிட்டீர்கள். கரிக் கரண்டா காத்துக் கரண்டா என்று அடித்துக்கொள்கிறீர்களே, அது எங்கள் காட்டு வழியாகத்தான் போகிறது, தெரியுமா உங்களுக்கு?

சத்தீஸ்கரில் ராய்கரில் இருந்து கரூர்ப் பக்கம் புகளூருக்கு ஒரு லைன் இழுத்தார்கள். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட், ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே நிலக்கரியை எரித்து இங்கே கரண்டாகக் கொண்டுவருகிற ஏற்பாடு. புகளூரில் இருந்து திருச்சூருக்கு இன்னொரு லைன். அந்த லைன் கேரளத்துக்குள் கொஞ்ச தூரம் மண்ணுக்குள் கேபிளாகப் போகிறது. நம் பக்கம் முழுக்க டவர். கேட்டால் செலவு அதிகம் என்றார்கள். 2018, 2019இல் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஜனங்கள் உண்ணாவிரதம் இருந்தது அதற்காகத்தான்.

டவர் போட நிலத்தைக் கையகப்படுத்தவும் வேண்டியதில்லை. 1885இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்குப் போட்ட சட்டத்தின் அதிகாரத்தை வைத்தே வந்துவிடுவார்கள். நிலம் நம் பேரில்தான் இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் பாதி விலைக்கும் ஆள் வராது.

காற்றாலைக்காரன் பரவாயில்லை என்று சொல்வேன். இடத்தை விலைக்கு வாங்கினான், காசு கொடுத்தான். ஆனால் அவன் இறக்கையை ஏற்றிக்கொண்டு போன லாரிக்காக வண்டித்தடத்தை அகலப்படுத்தி, வேலியை எடுத்து, கிளுவை முள்ளை வெட்டி எறிந்ததைத் திருப்பி யாரும் வைக்கவில்லை.

பல்லடம்_காத்தாடி:
நீங்கள் சொல்லும் அந்த ராய்கர் லைனில் கரண்ட் இரண்டு பக்கமும் போகும் அண்ணா. நம்மிடம் காற்று அதிகமாக இருக்கும் மாதங்களில் இங்கிருந்து வடக்கே அனுப்பலாம். அப்படியானால் அது காற்றாலைக்கும் உதவும் லைன்தானே?

குடிமங்கலம்_காடு:
எந்தப் பக்கம் போனால் எனக்கென்ன கண்ணு? டவர் ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

பின்னலாடை_அக்கா:
திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே இது கொள்கைப் பிரச்சினையே இல்லை, வியாபாரம். வெளிநாட்டு வாங்குநர் ஆர்டர் கொடுக்கும் முன்னால் காகிதம் கேட்கிறார்: எத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்? சாயத் தண்ணீருக்குக் கேட்டார்கள், இப்போது கரண்டுக்கும் கேட்கிறார்கள். பதில் இல்லாவிட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விடும்.

அப்புறம் ஒரு பழைய கதை. இந்தக் காட்டில் காற்றாலை வந்தது சுற்றுச்சூழல் பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். 1990களில் காற்றாலைக்குப் போட்ட பணத்தை முதல் வருடமே முழுத் தேய்மானமாகக் கணக்கில் காட்டி வருமான வரியில் கழிக்கலாம் என்று இருந்தது. நம் நூற்பாலை முதலாளிகள் போட்டி போட்டு நிறுத்தினார்கள். 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகள். சுற்றினால் லாபம், சுற்றாவிட்டாலும் வரி மிச்சம். அதிகக் காற்று அடிக்கும் நல்ல இடங்களை எல்லாம் அந்தக் குட்டிகள்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு உயரமான புது இயந்திரம் வைத்தால் அதே நிலத்தில் பல மடங்கு எடுக்கலாம். புதுக் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. மேட்டூரை மூடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

சோமனூர்_தறி:
அக்கா சொல்வது பெரிய ஆட்களுக்குச் சரி. ஸ்பின்னிங் மில்காரர் காற்றாலை வைத்துக்கொள்வார், எக்ஸ்போர்ட்காரர் கூரை முழுக்கத் தகடு போட்டுக்கொள்வார். பன்னிரண்டு தறி வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? எங்கள் கொட்டகைக் கூரை ஓடும் சிமென்ட் சீட்டும். அதன் மேல் தகட்டை ஏற்றினால் கூரையோடு தறியில் பூட்டிய பாவு நூல் மேல் விழும்.

அது போகட்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் கொடுக்கிறார்கள். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? பெரிய ஆலைகள் கட்டும் பில்லில் இருந்தும் அரசு மானியத்தில் இருந்தும். பெரிய ஆலை எல்லாம் சொந்தக் கரண்டுக்குப் போய்விட்டால் மின்வாரியத்துக்கு மிச்சம் நாங்களும் தோட்டத்து மோட்டாரும்தான். அப்போது எங்கள் சலுகையில்தான் கை வைப்பார்கள். இதைப் பசுமை மின்சாரம் பேசுகிற எவரும் சொல்வதில்லை.

பல்லடம்_காத்தாடி:
இலவச மின்சாரமும் ஒரு பிரச்சினைதானே? தோட்டத்து மோட்டார் மீட்டரே இல்லாமல் ஓடுகிறது. விலை இல்லாத பொருளை யார் அளந்து செலவு செய்வார்கள்?

குடிமங்கலம்_காடு:
இந்தப் பேச்சுக்குத்தான் காத்திருந்தேன். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடினார்கள், பெருமாநல்லூரில் சுட்டார்கள், மூன்று விவசாயிகள் போனார்கள். 1972இல் கோயமுத்தூரை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் இருந்து எத்தனை பேர் ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு கிடைத்தது இது. யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

அளந்து செலவு செய்யவில்லை என்கிறாய். அளந்து கொடுக்கிறார்களா? மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வரும் நேரம் அவர்கள் சொல்வதுதான். ராத்திரி முறை வந்தால் ஒரு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் போக வேண்டும். பாம்பு கடித்துப் போனவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. பலர் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள், தண்ணீர் வாய்க்கால் தாண்டி ஓடுகிறது. நீ சொல்லும் வீண் அங்கேதான் நடக்கிறது.

பழைய_ஈபி:
இந்த இடத்தில்தான் உண்மையான விடை ஒளிந்திருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போகிறீர்கள்.

ராத்திரி தறிக்குக் கரண்ட் வேண்டும் என்கிறார் ஒருவர். ராத்திரி மோட்டாருக்குக் கரண்ட் வேண்டாம் என்கிறார் இன்னொருவர். அந்தக் காலத்தில் தோட்டத்து மோட்டாரை ராத்திரிக்குத் தள்ளியதே நாங்கள்தான். பகலில் ஆலைகள் ஓடும், ராத்திரி நிலக்கரி நிலையத்தைக் குறைக்கவும் முடியாது, அந்தக் கரண்டை யாராவது எடுத்தாக வேண்டும். 210 மெகாவாட் யூனிட்டை அணைத்தால் குளிர்ந்த பிறகு மறுபடி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். பாதிக்குக் கீழே இறக்கினால் கொதிகலனில் தீ நிலையாக நிற்காது. இப்போது கதை தலைகீழ். பதினொரு மணிக்கு மேல் சோலார் பொங்குகிறது. பகலில் மும்முனை கொடுத்து மோட்டார் சுமையை எல்லாம் அங்கே நகர்த்தினால், ராத்திரித் தேவை அந்த அளவுக்கு இறங்கும். ஒரு பேட்டரியும் வாங்காமல் கிடைக்கும் சேமிப்பு அது. தண்ணீரை மேல்தொட்டியில் ஏற்றி வைத்தால் அதுவும் சேமிப்புதான்.

அப்புறம் காடம்பாறை. ஆனைமலைக்குள் 400 மெகாவாட், 1980களின் கடைசியில் இருந்து ஓடுகிறது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. கரண்ட் மிச்சமாக இருக்கும்போது கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், சாயங்காலம் அதையே விட்டு டர்பைனைச் சுற்றுவார்கள். அதே இயந்திரம்தான், ஒரு பக்கம் சுற்றினால் பம்பு, மறுபக்கம் சுற்றினால் ஜெனரேட்டர். நான்கு யூனிட் கரண்ட் போட்டால் மூன்று யூனிட் திரும்பி வரும். நஷ்டம்தான், ஆனால் சில நிமிடத்தில் முழுச் சுமைக்கு வந்துவிடும். நிலக்கரியால் அது ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. குந்தாவில் இதே முறையில் 500 மெகாவாட் கட்டுகிறார்கள். சூரிய ஒளியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ள நமக்கு மலையும் இருக்கிறது, அணையும் இருக்கிறது.

சோமனூர்_தறி:
மலையில் மழை பெய்யாத வருடம்?

பழைய_ஈபி:
ஏற்றி இறக்குவது ஒரே தண்ணீர், ஆவியாவது மட்டும்தான் குறையும். மழையை நம்பி இருப்பது மற்ற நீர்மின் நிலையங்கள். அவலாஞ்சி, எமரால்டில் விழும் மழை குந்தாவில் வரிசையாக மூன்று பவர்ஹவுஸைச் சுற்றிவிட்டு, பில்லூரில் நான்காவதையும் சுற்றிவிட்டு, பவானிசாகருக்குப் போகிறது. மேட்டூர் அணைப் பவர்ஹவுஸ் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் ஓடும், அதற்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளும் அப்படியே. ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அவை எல்லாம் காட்சிப்பொருள். இதில் தறிக்கார அண்ணன் பயம் நியாயம்.

மேட்டூர்க்காரி:
அப்படியானால் பழைய நான்கையும் எப்போது நிறுத்துவது? அதைச் சொல்லாமல் எல்லோரும் மலை ஏறிவிட்டீர்கள்.

பழைய_ஈபி:
என்னைக் கேட்டால், காற்று சீசனில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டை முழுக்க நிறுத்தி வைக்கலாம், இப்போதே. மற்ற இரண்டும் குந்தா ஓடத் தொடங்கி, பகல் மும்முனை நடைமுறைக்கு வந்த பிறகு. கோடையில் மார்ச் முதல் மே வரை அதற்கு முன்னால் கை வைக்க மாட்டேன்.

பல்லடம்_காத்தாடி:
நான் இதை ஏற்கவில்லை. குந்தா முடியும் வரை என்றால் ஒவ்வொரு வருடமும் ஒரு "வரை" வரும். பேட்டரி விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. துணை மின் நிலையத்துக்குத் துணை மின் நிலையம் பேட்டரி வைத்து மாலை நான்கு மணி நேரத்தைச் சமாளிக்கலாம். தேதி குறித்தால்தான் வேலை நடக்கும்.

பொள்ளாச்சி_இளநீர்:
நடுவில் ஒரு சந்தேகம். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்களே, அதுவும் புகைதானே, அது எப்படிப் புதுப்பிக்கத்தக்கது?

பழைய_ஈபி:
சக்கையில் இருந்து போகும் கரியமில வாயுவை அடுத்த வருடக் கரும்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒடிசா நிலக்கரி உருவாகி 25 கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது, நாம் ஒரு நாளில் எரிக்கிறோம். புகை புகைதான், கணக்கு வேறு. நாமக்கல் கோழி எரு, சேலத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவு நீர், இவற்றில் எடுக்கும் வாயுவும் இந்த வகைதான். ஊரை ஓட்டாது, ஆலையை ஓட்டும்.

சோமனூர்_தறி:
சரி, என் கட்சியை முடித்துவிடுகிறேன். சீசனில் இரண்டு யூனிட்டை நிறுத்துங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூரை தாங்காத தறிக்காரன் பத்து பேர் சேர்ந்து பக்கத்துக் காட்டில் பொதுவாகத் தகடு போட்டு, அந்த யூனிட்டை எங்கள் பில்லில் கழிக்க வழி செய்யுங்கள். அதையும் 1,000 யூனிட் சலுகையைத் தொடாமல் செய்ய வேண்டும். இது இரண்டும் காகிதத்தில் வரும் வரை மற்ற இரண்டு யூனிட்டை மூட நான் கை தூக்க மாட்டேன்.

குடிமங்கலம்_காடு:
பக்கத்துக் காடு என்றால் யார் காடு? குத்தகை என்ன, வருடம் எத்தனை, கம்பி எந்த வழியாகப் போகும், அதை முதலில் எழுதுங்கள். விலைக்குத் தர மாட்டோம், டவர் மாதிரி சும்மா நுழையவும் விட மாட்டோம். வருடக் குத்தகை என்றால் கல்லாங்காடு ஆறு ஏக்கர் இருக்கிறது, பேசலாம்.

சோமனூர்_தறி:
ஏக்கருக்கு என்ன கேட்பீங்க?